ஹெட்செட்டை மாட்டிவிடும் அந்த இரண்டு நிமிடம்: கடையில் வி.ஆர். டெமோ வைக்கலாமா?

கேள்வி இதுதான்: "திருச்சியில் என் மாமா லேப்டாப், மொபைல் கடை வைத்திருக்கிறார். நான்கைந்து வி.ஆர். ஹெட்செட் (தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோலக் காட்டும் மெய்நிகர் கருவி) வாங்கி விற்கலாம், ஒன்றைப் பிரித்து வருகிறவர்கள் போட்டுப் பார்க்கட்டும் என்று டெமோவாக வைக்கலாம் என்கிறேன் நான். 'எல்லோரும் ஓசியில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அமெரிக்காவிலேயே பெரிய கடைகளில் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டார்கள்' என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? வைப்பதென்றால் எப்படி வைப்பது? கட்டணம் வாங்கலாமா?"

வையுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் மாமா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அவர் கேள்விப்பட்டது உண்மையில் நடந்த கதை. அது ஏன் அப்படி ஆயிற்று என்று தெரிந்துகொண்டால், உங்கள் கடையில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

சென்னையில் கணினியும் உதிரிபாகங்களும் விற்கும் ஒரு கடையில் மூன்று வருடம் டெமோ மேசையை நான்தான் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ தலைகளில் மாட்டியும் கழற்றியும் பார்த்த பிறகு சொல்கிறேன்: ஹெட்செட் தன்னைத்தானே விற்றுக்கொள்ளாது. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் அதை விற்கிறார். அதுவும் படம் ஓடும் நேரத்தில் இல்லை. அதற்கு முன்னால், தலையில் மாட்டிச் சரிசெய்கிற முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிடுகிறது.

முதலில் அமெரிக்கக் கதை. ஆக்குலஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் 2014-ல் வாங்கியது. அதன் ரிஃப்ட் ஹெட்செட் 2016 மார்ச் 28 அன்று 599 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. மே 7 முதல் பெஸ்ட் பை என்ற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையின் 48 கிளைகளில் டெமோ தொடங்கியது. அந்த ஆண்டுக்குள்ளேயே அது ஏறக்குறைய 500 கிளைகளுக்குப் பரவியது. 2017 பிப்ரவரியில் அவற்றில் சுமார் 200 இடங்களில் மேசையை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சில கிளைகளில் நாள்கணக்கில் ஒருவர்கூட டெமோ கேட்டு வரவில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். மென்பொருள் கோளாறால் ஹெட்செட் வேலையே செய்யாமல் போனதையும் சொன்னார்கள். சீசனுக்குத் தகுந்த மாற்றம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

மாமா இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார். ஆனால் அன்று அந்த மேசையில் உட்கார்ந்த ஒருவர் என்ன வாங்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஹெட்செட் 599 டாலர். அதை ஓட்ட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி வேண்டும். இரண்டையும் சேர்த்து விற்ற தொகுப்பே 1,499 டாலரில்தான் ஆரம்பித்தது. கையில் பிடிக்கிற டச் கன்ட்ரோலர் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது, அதற்குத் தனியாக 199 டாலர். அதுவரை ரிஃப்ட் பெட்டிக்குள் இருந்தது வீடியோ கேம் ஆடுகிற சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர். ஆக, கடையில் ஐந்து நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தவர், வீட்டுக்குப் போனதும் அதையே பார்க்க வேண்டுமென்றால் கணினி வாங்கி, கேபிள் இழுத்து, சென்சார் வைத்து, மென்பொருள் ஏற்றி, ஒரு நாள் முழுக்கப் போராட வேண்டும். டெமோவுக்கும் வீட்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம். அது டெமோவின் குற்றமில்லை.

2019 மே மாதம் அதே ஆக்குலஸின் குவெஸ்ட் ஹெட்செட் வந்தது, 399 டாலர். கணினியும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2, 299 டாலர். கடையில் தலையில் மாட்டிப் பார்த்த பொருளும் வீட்டில் பெட்டியைப் பிரித்தால் கிடைக்கிற பொருளும் ஒன்றேயானது அப்போதுதான். எனவே 2017-ல் மூடினார்கள் என்பதை வைத்து இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள் என்று மாமாவிடம் சொல்லலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரி 2 அன்று ஆப்பிள் தன் விஷன் ப்ரோ ஹெட்செட்டை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தபோது, கடையில் டெமோ காட்டுவதை ஒரு சடங்கு போலவே வகுத்திருந்தது. ஏறக்குறைய அரைமணி நேரம். முதலில் ஐபோனால் முகத்தை ஸ்கேன் செய்து, முகத்தில் உட்காரும் பகுதி எந்த அளவு என்று முடிவு செய்வார்கள். கண்ணாடி போட்டவரென்றால் அந்தக் கண்ணாடியை வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பவரை அளந்து, அதற்குப் பொருத்தமான லென்ஸை ஹெட்செட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் ஐபேடில் நீங்கள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு, இப்போது இங்கே பாருங்கள், இப்போது விரலைச் சேருங்கள் என்று கூடவே வருவார். சிங்கப்பூரில் அதே ஆண்டு ஜூன் 28-ல் விற்பனைக்கு வந்தது. அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் யாராவது டெமோ எடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் விலை 3,499 டாலர், எடை 600 கிராமுக்கு மேல். பார்த்து வியந்தவர்கள் எல்லோரும் வாங்கிவிடவில்லை. நல்ல டெமோ விலையைக் குறைக்காது, கழுத்து வலியையும் போக்காது. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் முதல் சில நிமிடம் கண்ணாடிக்கும் முகத்துக்குமே போகிறது பாருங்கள், அதை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆப்பிளின் பணம் வேண்டாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹெட்செட் போட்டுவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லிக் கழற்றுகிறவர்களில் நிறைய பேர் மங்கலான படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. வி.ஆர். என்றாலே இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேரனுக்காகப் பார்க்க வந்தார். பெரிய கொண்டை, அதில் மல்லிகைப்பூ, மூக்கில் கண்ணாடி. எங்கள் கடைப் பையன் குவெஸ்ட் 2-ஐக் கண்ணாடிக்கு மேலேயே அழுத்தி மாட்டி, பின்பட்டையைக் கொண்டைக்கு மேலே இழுத்துவிட்டான். "எழுத்தெல்லாம் கலங்கலா இருக்கேப்பா" என்றார் அவர். "முதல் தடவைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றான் பையன். நான் போய், "டீச்சர், இந்தக் கண்ணாடி பேப்பர் படிக்கிறதுக்கா, பஸ் போர்டு பார்க்கிறதுக்கா?" என்று கேட்டேன். படிக்கத்தான் என்றார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். பட்டையைக் கொண்டைக்குக் கீழே, பிடரி எலும்பு புடைத்திருக்குமே, அதன் அடியில் கொண்டுவந்தோம். லென்ஸ் இரண்டையும் ஒரு படி உள்ளே தள்ளினேன். ஹெட்செட்டின் இரண்டு பக்கத்தையும் அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, எழுத்து தெளிவாகும்வரை மெதுவாக மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். "ஆ, இப்போ தெரியுது" என்றார். கடலுக்கடியில் நிற்பது மாதிரியான காட்சி. அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. வலது கை மட்டும் மெல்ல எழுந்து, எதையோ தொடப்போவது போல அந்தரத்தில் நின்றது.

அங்கே நடந்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஹெட்செட்டுக்குள் இருக்கிற திரை கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலும், லென்ஸ் அதைச் சுமார் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோலக் காட்டுகிறது. கண் அந்தத் தூரத்துக்குத்தான் குவிய வேண்டும். அதனால் வெள்ளெழுத்துக்காக மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், போட்டால் மங்கும். கிட்டப்பார்வைக்காரர்கள் போட்டுக்கொண்டேதான் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் யார் வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்தது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். குவெஸ்ட் 2-ல் 58, 63, 68 என்று மூன்று நிலை. குவெஸ்ட் 3எஸ் மாடலிலும் அதே மூன்று. குவெஸ்ட் 3-ல் சக்கரத்தைத் திருப்பினால் தொடர்ச்சியாக நகரும். முந்தின ஆளுக்கு வைத்த நிலையிலேயே அடுத்தவருக்கு மாட்டிவிடுவதுதான் எல்லாக் கடையிலும் நடக்கிற தப்பு. கண் வலிக்கிறது, தலை கனக்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பட்டை, கன்னத்தில் அழுத்தாமல் நெற்றியிலும் பிடரியிலும் தாங்க வேண்டும். குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம். அந்த எடை மூக்கில் உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் கழற்றத் தோன்றும். இதையெல்லாம் சரிசெய்யும்போது வருகிறவரின் தலையை நீங்கள் தொட வேண்டாம், குறிப்பாகப் பெண்களிடம். வாயால் சொல்லுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டுங்கள், அவர்களே இழுத்துக்கொள்ளட்டும். தொட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கண் மூடியிருக்கிறவர் மேல் சொல்லாமல் கை வைத்தால் எவ்வளவு திடுக்கிடுவார் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் பெண் ஊழியர் இருந்தால் அவருக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். எங்கள் கடையில் அப்படி ஒருவர் வந்த பிறகுதான் பெண்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

சுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் நெற்றி சும்மா இருப்பதில்லை. விபூதி, சந்தனம், குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, முகப்பவுடர், அதற்கு மேலே தேங்காய் எண்ணெய், அதற்கும் மேலே ஏப்ரல் மாத வியர்வை. பெட்டியோடு வருகிற, முகத்தில் படுகிற துணி அல்லது பஞ்சுப் பட்டை இதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், திரும்பத் தராது. ஒரே வாரத்தில் நாற்றம் வந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே சிலிகான் உறை நான்கு வாங்கினோம். ஒன்று முகத்தில் இருக்கும்போது ஒன்று கழுவிக் காயும். அதோடு, தூக்கிப் போடுகிற முகத்துணி ஆளுக்கொன்று. அதை அவர் கண்முன்னாலேயே புதிதாகப் பிரித்துக் கொடுங்கள், துடைப்பதையும் அவர் பார்க்கத் துடையுங்கள். உள்ளே எடுத்துப்போய்த் துடைத்துக் கொண்டுவந்தால் அது அவருக்குத் துடைக்காத மாதிரிதான்.

முகத்தில் படுகிற பொருள் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். குவெஸ்ட் 2-வின் பஞ்சுப் பகுதி சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கியதால், 2021 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் ஹெட்செட்டுக்கான அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, இலவசமாகச் சிலிகான் உறை அனுப்பினார்கள். யாருக்காவது கண் சிவந்திருந்தால், கண்ணில் நீர் வடிந்தால், பக்குவமாகச் சொல்லி இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். மெட்ராஸ் ஐ பரவுகிற மாதங்களில் டெமோவையே நிறுத்திவைப்பது நல்லது. லென்ஸை மட்டும் ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

என்ன காட்டுவது? ரோலர் கோஸ்டர் மட்டும் வேண்டாம். நம் ஊர் மால்களில் முட்டை வடிவ நாற்காலியில் உட்காரவைத்து '9டி' என்று ஓட்டுகிறார்களே, நம்மில் நிறைய பேருக்கு வி.ஆர். அறிமுகமானதே அங்கேதான், வெறுத்துப்போனதும் அங்கேதான். கண் 'ஓடுகிறேன்' என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வயிறு புரட்டுகிறது. தலையைத் திருப்பினால் படம் திரும்ப வேண்டும், அதுவும் 20 மில்லிசெகண்டுக்குள் திரும்பினால் நல்லது. இன்றைய ஹெட்செட்டுகள் அதைச் சமாளித்துவிடுகின்றன. ஆனால் உடம்பு நகராதபோது காட்சி நகர்ந்தால், எந்த ஹெட்செட்டாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே, பார்க்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்க, உலகம் அவரிடம் வருகிற காட்சியைத் தேர்ந்தெடுங்கள். 2016-ல் எச்.டி.சி. நிறுவனத்தின் வைவ் ஹெட்செட்டில் காட்டிய டெமோக்களில் ஒன்று: மூழ்கிய கப்பலின் தளத்தில் நீங்கள் நிற்பீர்கள், பக்கத்தில் நீலத் திமிங்கிலம் ஒன்று மெதுவாகக் கடந்து போகும், அதன் கண் உங்கள் முகத்துக்கு நேரே வரும். அவ்வளவுதான். பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். குவெஸ்ட் 3-ல் கடையின் சுவரே உடைந்து அதன் வழியாகச் சின்ன உயிரினங்கள் குதித்துவருகிற அறிமுக விளையாட்டு இருக்கிறது. தன் கண்முன் இருக்கிற அதே அறையில் அது நடப்பதால் பயமும் குறைவு, மயக்கமும் குறைவு. இளைஞர்களுக்கு பீட் சேபர் போட்டுவிடுங்கள், பாட்டுக்கு ஏற்பக் கட்டைகளை வெட்டுவது, யாரும் சொல்லித்தர வேண்டாம். எதுவானாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றும்போதே கழற்றிவிட வேண்டும்.

வியர்க்கிறது, கொட்டாவி வருகிறது, பேச்சு குறைகிறது என்றால் புரட்டல் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். "பழகிடும் சார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். உடனே கழற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுங்கள். எங்கள் மேசையில் இஞ்சி மிட்டாய் டப்பா எப்போதும் இருக்கும். ஒரு மேசை விசிறியை நேர் எதிரே வையுங்கள். காற்று முகத்தில் படுவது புரட்டலைக் குறைக்கிறது, அதோடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று உடம்புக்கும் தெரிகிறது.

இடத்துக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியாக வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் கால் நகராத சுழல் நாற்காலி ஒன்று போட்டு உட்கார்ந்தே காட்டுங்கள், அதிலும் குறை ஒன்றுமில்லை. சுற்றிலும் ஷோகேஸ் கண்ணாடி, நிலைக்கண்ணாடி இருந்தால் ஹெட்செட்டின் கேமராக்கள் குழம்பும். மாட்டிக்கொண்டவர் கையை வீசினால் கண்ணாடியும் உடையும். வளையல், வாட்ச்சைக் கழற்றச் சொல்லுங்கள், புடவையென்றால் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

ஹெட்செட் மாட்டின ஆளை வாசலில் நிறுத்தினால் கூட்டம் கூடும் என்று எல்லாக் கடைக்காரருக்கும் தோன்றும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அந்தரத்தில் கையை ஆட்டுகிறார், தெருவில் நாலு பேர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். யாருக்கு உட்காரத் தோன்றும்? பெண்கள் யாரும் வரவில்லை, வயதானவர்களும் வரவில்லை. அப்புறம் மாற்றினோம்: டிவி வாசலில், ஆள் உள்ளே மூலையில். அவர் பார்க்கிற காட்சி டிவியில் ஓடும், தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்து நிற்பார்கள். ஆளை யாரும் பார்க்க முடியாது. 2022 மே 9 அன்று கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) திறந்த கடையிலும் ஒரு சுவர் நிறையத் திரை வைத்து, மாட்டியிருப்பவர் பார்ப்பதை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். விரும்பினவர்களுக்கு அவர்களுடைய டெமோவையே 30 விநாடி வீடியோவாகக் கொடுத்தும் அனுப்பினார்கள். கேட்டு, சம்மதம் வாங்கிச் செய்தால் அது நல்ல யோசனை. வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. எங்கள் கடை மேற்குப் பார்த்தது. ஒருநாள் சாயங்காலம் ஹெட்செட்டைக் கண்ணாடி அலமாரியில், லென்ஸ் வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மாட்டிப் பார்த்தால் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி, அதிலிருந்து கோடாக ஒரு கறை. சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள், அதேதான். உள்ளே இருக்கிற லென்ஸ் வெயிலைத் திரையின் மேல் குவித்துச் சுட்டுவிட்டது. அதை மாற்றவும் முடியாது. அன்றிலிருந்து கழற்றியதும் லென்ஸை மூடித் துணி போட்டு, கவிழ்த்து வைப்பது பழக்கமாயிற்று.

ஏசி கடையில் இன்னொரு தொல்லை. வெளியிலிருந்து வியர்வையோடு வருகிறவர் முகத்தில் குளிர்ந்த லென்ஸை வைத்தால் உடனே ஆவி படியும். காலையில் கடை திறந்ததும் ஹெட்செட்டை இயக்கி வைத்துவிடுங்கள், லென்ஸ் கொஞ்சம் சூடாகிவிட்டால் அந்தப் பிரச்சினை குறையும். வருகிறவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வியர்வை அடங்கட்டும், கண்ணாடிக் கேள்வியையெல்லாம் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். அதே காலை நேரத்தில் மென்பொருள் அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். வாடிக்கையாளரை உட்காரவைத்துக்கொண்டு அப்டேட் ஓடுவதைப் பார்ப்பது போலக் கொடுமை கிடையாது. சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே நிற்கும். சனி, ஞாயிறுக்கு இரண்டாவது ஹெட்செட் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் கறாராக இருங்கள். மெட்டாவின் விதிப்படி 13 வயது, 2023-லிருந்து பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கோடு 10 வயது. ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து "ஒரே ஒரு நிமிஷம்" என்று கேட்பார்கள். அவனுக்கு டிவியைக் காட்டுங்கள், அப்பாவை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரிடமும் மாட்டுவதற்கு முன்னால் வலிப்பு வந்ததுண்டா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். பளிச்சிடும் வெளிச்சத்தால் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வலிப்போ மயக்கமோ வரலாம் என்று ஆக்குலஸ் எச்சரிக்கைக் குறிப்பிலேயே உண்டு. இந்தக் கேள்விகளைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துவிட்டால், கேட்பதற்குச் சங்கடம் இருக்காது.

கட்டணம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐம்பது ரூபாய் வாங்கின உடனே அது கடை இல்லை, கேம் சென்டர். காசு கொடுத்தவர் கூடுதல் நேரம் கேட்பார், விலையைப் பற்றிக் கேட்கமாட்டார். வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கின விளையாட்டைப் பொது இடத்தில் காசுக்குக் காட்ட அதன் உரிமம் பெரும்பாலும் அனுமதிப்பதுமில்லை. இலவசமாக வைத்தாலும் எந்தெந்த விளையாட்டைக் கடையில் காட்டலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த நேரம் குறித்துக்கொடுங்கள். மாட்ட, காட்ட, கழற்ற, துடைக்க என்று ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், மணிக்கு ஐந்து பேர்தான். நேரம் கேட்டு வருகிறவர் சும்மா பொழுதுபோக்க வருகிறவர் இல்லை. டெமோ முடிந்ததும் விலையைச் சொல்லுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பொருளென்றால் வாரண்டி யார் தருவது, பழுதானால் எங்கே அனுப்புவது என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்றன்றைக்கு எத்தனை விற்றது என்று கணக்குப் பார்த்தால் இரண்டாவது வாரமே மாமா மேசையை எடுக்கச் சொல்லிவிடுவார். அந்தத் தலைமையாசிரியை அன்று வாங்கவில்லை. பேரனுக்குப் பதினொரு வயது என்றார், அப்போது விதி 13. இப்போது வேண்டாம் டீச்சர் என்று நானே சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்னால் மகனைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார், விலையை வேறெங்கும் விசாரிக்கவில்லை. அதனால் ஒரு நோட்டுப் போட்டு, போட்டுப் பார்த்தவர் விரும்பினால் பெயரும் எண்ணும் வாங்கி, ஆறு மாதம் கழித்து யார் யார் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள். ஹெட்செட் வாங்க வராவிட்டாலும் லேப்டாப் வாங்க வந்தார்களா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கடைசியாக, டெமோ ஹெட்செட் வந்ததும் வெளியாள் யாருக்கும் மாட்டுவதற்கு முன்னால் மாமாவை உட்காரவையுங்கள். கடையை அடைத்த பிறகு, அவசரமில்லாத நேரத்தில். நெற்றியில் விபூதி இருந்தால் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவரென்றால், அது பேப்பர் படிக்கவா, பஸ் போர்டு பார்க்கவா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.